கொரியப் பண்பாட்டை வரலாற்று நாவல் வழியே கற்பிக்க: 5 முதல் 8-ஆம் வகுப்பு வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்றைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொரியா என்று சொன்னாலே போதும். பாட்டுக் குழு, டிராமா, ராம்யன் என்று அடுக்குவார்கள். அந்த ஆர்வத்தைப் பிடித்துக்கொண்டு அவர்களை எட்டு நூற்றாண்டு பின்னால் கூட்டிப்போக முடியும். அமெரிக்கப் பள்ளிகளில் இதற்கு வரலாற்று நாவல்களைப் பயன்படுத்துகிறார்கள். குறிப்பாக கொரிய-அமெரிக்க எழுத்தாளர் லிண்டா சூ பார்க்கின் நாவல்களை. வகுப்பில் இதைச் செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களும், பிள்ளையோடு சேர்ந்து படிக்க விரும்பும் பெற்றோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கதையின் முடிவுகளையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன், பாடம் நடத்துபவருக்கு அது தேவை.

நாவல் எதற்கு? நான்கு ஸ்லைடு போட்டுக் காட்டினால் போதாதா?

ஸ்லைடில் கிம்ச்சி வரும், ஹான்போக் என்ற கொரிய உடை வரும், சந்திரப் புத்தாண்டு வரும். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். ஓர் ஊர்க்காரர் என்ன சாப்பிடுகிறார் என்பதைப் படத்தில் காட்டிவிடலாம். அவர் எதற்கு வெட்கப்படுவார், யார் முன்னால் வாய் திறக்க மாட்டார், எதைத் தன் கௌரவம் என்று நினைக்கிறார் என்பதையெல்லாம் கதைக்குள் போனால்தான் பார்க்க முடியும்.

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். பாத்திரம் எங்கே தயங்குகிறதோ அங்கே புத்தகத்தை நிறுத்துங்கள். ‘எதற்காகத் தயங்குகிறான்? யார் போட்ட விதி இது?’ என்று கேளுங்கள். பண்பாட்டைப் பற்றிய பேச்சு தானாகத் தொடங்கிவிடும்.

லிண்டா சூ பார்க்கின் ‘எ சிங்கிள் ஷார்ட்’ (A Single Shard) நாவலின் தொடக்கத்தைப் பாருங்கள். ட்ரீ-இயர் என்பவன் ஒரு பாலத்துக்கு அடியில் வாழும் அநாதைப் பையன். அவனுக்கு முன்னால் ஒரு விவசாயி முதுகில் அரிசிச் சுமையோடு போகிறார். சுமையில் ஓட்டை விழுந்து அரிசி வழியெல்லாம் கொட்டுகிறது. பையன் பார்த்துவிட்டான், ஆனால் உடனே சொல்லவில்லை. கொஞ்சம் கொட்டட்டும் என்று பின்னாலேயே போய், அப்புறம்தான் கூப்பிட்டுச் சொல்கிறான். விவசாயி நன்றி சொல்லி, கீழே கிடப்பதை நீயே அள்ளிக்கொள் என்கிறார். அன்றைக்கு வயிறாரச் சாப்பாடு. ஆனால் மனசு உறுத்துகிறது. அவனை வளர்க்கும் கிரேன்-மேன், ஒரு கால் சூம்பிப்போன முதியவர், உழைப்பு மனிதனுக்கு மரியாதை தரும், திருட்டு அதைப் பறித்துவிடும் என்று ஏற்கெனவே சொல்லி வளர்த்திருக்கிறார். குப்பைமேட்டில் பொறுக்கிச் சாப்பிடுவதில் அந்த இருவருக்கும் வெட்கமில்லை. திருடுவதில் வெட்கம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் பையன் செய்த காரியம் எங்கே நிற்கிறது? இந்தக் கேள்வியைப் போட்டால் ஒரு பீரியட் முழுக்கப் பிள்ளைகள் பேசுவார்கள்.

எந்த நாவலில் தொடங்குவது?

ஆறாம் வகுப்பு என்றால் யோசிக்காமல் ‘எ சிங்கிள் ஷார்ட்’. 2001-இல் வந்தது, 2002-இல் அமெரிக்காவின் சிறார் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் பெற்றது. 12-ஆம் நூற்றாண்டு கொர்யோ அரசு காலத்தில், மேற்குக் கடற்கரையில் உள்ள ஒரு குயவர் கிராமத்தில் கதை நடக்கிறது.

இன்னும் சின்னப் பிள்ளைகள் என்றால் அதே ஆசிரியரின் ‘தி கைட் ஃபைட்டர்ஸ்’ சரியாக இருக்கும். 1473-இல் சியோல் நகரம், இரண்டு சகோதரர்கள், புத்தாண்டுப் பட்டப் போட்டி. அண்ணன் பட்டம் கட்டுவதில் கெட்டிக்காரன், தம்பி பறக்கவிடுவதில் கெட்டிக்காரன். ஆனால் வீட்டின் சார்பாக நிற்கும் உரிமை மூத்தவனுக்கு. மூத்த மகன் என்ற ஸ்தானம் ஜோசோன் (கொர்யோவுக்கு அடுத்து வந்த அரசு) காலக் குடும்பத்தில் எவ்வளவு கனமானது என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. கொரியாவிலும் பட்ட நூலில் பீங்கான் தூளைப் பசையோடு சேர்த்துத் தடவும் வழக்கம் உண்டு. மாஞ்சா தெரிந்த பிள்ளைகளுக்கு அந்தப் பக்கங்களை விளக்கவே வேண்டாம்.

ஏழு, எட்டாம் வகுப்புக்கு அவருடைய ‘வென் மை நேம் வாஸ் கியோகோ’. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

‘எ சிங்கிள் ஷார்ட்’ கதையில் வரும் ஜாடி உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. பாடத்திலேயே சுவையான பகுதி இதுதான், அவசரப்படாமல் நடத்துங்கள்.

கொர்யோ குயவர்கள் செய்த செலடான் பாண்டங்கள் ஒருவகைச் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் இருக்கும். மேற்பூச்சில் கொஞ்சம் இரும்பு இருக்க வேண்டும். சூளைக்குள் காற்று போவதைக் குறைக்க வேண்டும். இரண்டும் சரியாக அமைந்தால் அந்தப் பச்சை வரும், பிசகினால் பழுப்பாகிவிடும். 1123-இல் சீனாவின் சோங் அரசவையிலிருந்து தூதராக வந்த ஷூ ஜிங் இந்த நிறத்தைக் குறிப்பிட்டு எழுதி வைத்திருக்கிறார். செலடான் கலையே சீனாவிலிருந்து கொரியாவுக்குப் போனதுதான். அப்படியிருக்க, சீனத் தூதர் ஒருவரே கொரியப் பாண்டத்தின் நிறத்தைக் கவனித்து எழுதினார் என்றால் அந்தக் கைவேலையின் தரத்தைப் புரிந்துகொள்ளலாம்.

அடுத்து பதிப்பு வேலை, அதாவது ஒரு மண்ணுக்குள் வேறு நிற மண்ணைப் பதிப்பது. பச்சைமண் பாதி உலர்ந்ததும் அதில் சித்திரத்தைக் கீறி, பள்ளத்தில் வெள்ளை மண்ணும் செம்மண்ணும் நிரப்பிச் சுரண்டி எடுத்து, பூச்சு கொடுத்துச் சுடுவார்கள். சூளையிலிருந்து வரும்போது வெள்ளை மண் வெள்ளையாகவும் செம்மண் கறுப்பாகவும் பச்சைக்கு அடியில் தெரியும். இது கொரியக் குயவர்கள் உச்சத்துக்குக் கொண்டுபோன முறை.

இந்த முறையில் செய்த ‘ஆயிரம் நாரை’ ஜாடி சியோலில் கான்சோங் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. உயரம் சுமார் 42 செ.மீ. பெயர்தான் ஆயிரம், எண்ணிப் பார்த்தால் நாரைகள் எழுபதுக்கும் குறைவு. வட்டத்துக்குள் இருப்பவை மேல்நோக்கியும், வெளியே இருப்பவை கீழ்நோக்கியும் பறக்கின்றன. பெரிய படமாகப் போட்டு, இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள்.

ஜாடியைச் செய்தவர் யார் என்று வரலாற்றில் பெயர் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் நாவலாசிரியர் ஒரு அநாதைப் பையனைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார். ஆதாரம் இருக்கும் இடத்தில் கதை அதை மீறவில்லை, இல்லாத இடத்தில் கற்பனை நிரப்புகிறது. வரலாற்று நாவல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல பாடம்.

இன்னொன்றும் சொல்லாமல் விடக் கூடாது. இந்த ஜாடியை 1935-இல் பெரும் தொகை கொடுத்து வாங்கிக் காப்பாற்றியவர் ஜியோன் ஹியோங்-பில் என்ற சேகரிப்பாளர். அப்போது கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. நாட்டின் கலைப்பொருள்கள் வெளியே போய்க்கொண்டிருந்த காலத்தில், தன் பரம்பரைச் சொத்தைச் செலவழித்து அவற்றை வாங்கி வைத்தார். கொரிய மொழியின் ஹங்குல் எழுத்தை விளக்கி 1446-இல் செஜோங் மன்னர் காலத்தில் வெளியான மூலநூலின் பிரதி ஒன்று 1940-இல் கிடைத்தபோது அதையும் வாங்கிப் பாதுகாத்தவர் அவரே. 1997-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அந்த நூல் இடம் பெற்றது. நாவலின் கடைசியில் ட்ரீ-இயருக்குக் கிடைக்கும் புதுப் பெயரும் ஹியோங்-பில்தான். இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். நாவல் முடிந்த பிறகு சேகரிப்பாளரின் பெயரைப் பலகையில் எழுதினால் போதும்.

அந்தப் புதுப் பெயருக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்?

ட்ரீ-இயரின் எஜமானரான குயவர் மின், அவனுக்குச் சக்கரம் சுற்றக் கற்றுத்தர மறுக்கிறார். தொழில் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போக வேண்டியது, நீ என் மகன் இல்லையே என்கிறார். அவருடைய மகன் ஹியோங்-கு இறந்துவிட்டான். கொரியக் குடும்பங்களில் ஒரே தலைமுறைப் பிள்ளைகளின் பெயரில் ஓர் அசை பொதுவாக வரும் வழக்கம் உண்டு. ஆகவே ‘ஹியோங்’ என்று தொடங்கும் பெயரைக் குயவரின் மனைவி கொடுக்கும்போது, அவனை வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டாயிற்று என்று அர்த்தம். இது தெரியாமல் படித்தால் அந்த முடிவு சப்பென்று போய்விடும்.

களிமண்ணை வைத்து வகுப்பில் ஏதாவது செய்யலாமா?

கட்டாயம் செய்யுங்கள். சூளை வேண்டாம், இரண்டு நிறக் களிமண் போதும்.

ஆளுக்கு ஓர் உள்ளங்கை அளவு வில்லை, விரல் தடிமனில். ஒரு நாள் மூடி வையுங்கள். நகம் பட்டால் தழும்பு விழ வேண்டும், ஆனால் கையில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். பல்குத்தும் குச்சியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சித்திரம் கீறச் சொல்லுங்கள். நேர்க்கோடுகளில் தொடங்குவது நல்லது, நாரை எல்லாம் பிறகு. மற்ற நிற மண்ணைத் தயிர் பதத்தில் குழைத்துப் பள்ளத்தின் மேல் தாராளமாக அப்ப வேண்டும். இந்தக் கட்டத்தில் எல்லோருடைய வில்லையும் அசிங்கமாகத்தான் இருக்கும். ‘போச்சு சார்’ என்பார்கள். விட்டுவிடுங்கள். மறுநாள் பழைய ஸ்கேலின் ஓரத்தால் மெதுவாகச் சுரண்டும்போது கோடு ஒவ்வொன்றாகத் துலங்கி வரும். அவசரப்பட்டு ஈரத்தில் சுரண்டினால் இரண்டு நிறமும் கலந்துவிடும். ரொம்பக் காயவிட்டால் நிரப்பிய மண் சுருங்கி விரிசல் விடும்.

அதே நாளில் நாவலின் இன்னொரு தயக்கத்துக்குப் போகலாம். காங் என்ற குயவர் இந்தப் பதிப்பு வேலையை ரகசியமாகச் செய்துகொண்டிருப்பதை ட்ரீ-இயர் மறைந்திருந்து பார்த்துவிடுகிறான். தன் எஜமானரிடம் சொன்னால் அது திருட்டா? ஒருவர் மறைத்து வைத்திருக்கும்வரை எடுத்துச் சொல்வது திருட்டு, அவரே வெளியில் காட்டிய பிறகு இல்லை என்று கிரேன்-மேன் வழி சொல்கிறார். தன் கையில் மண் ஒட்டியிருக்கும் பிள்ளைக்கு அந்த ரகசியத்தின் மதிப்பு உடனே புரியும்.

நாவலில் வரும் ஊர்களை வரைபடத்தில் தேடினால் கிடைக்கவில்லையே?

இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருவதுதான். கொரியப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையைத் தென்கொரிய அரசு 2000-இல் மாற்றியது. நாவலில் பழைய முறை இருக்கிறது. நாவலில் உள்ளபடி Puyo என்று தேடினால் வராது, Buyeo என்று தேட வேண்டும்.

சோங்டோவில்தான் பெரிய சிக்கல். நாவலில் அது கொர்யோவின் தலைநகரம், இன்றைய பெயர் கேசோங். வரைபடத்தில் சோங்டோ என்று போட்டால் இஞ்சியோன் அருகே கடலை மூடிக் கட்டிய புதிய நகரத்தின் கண்ணாடிக் கோபுரங்கள் வந்து நிற்கும். அது வேறு ஊர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேசோங் இன்று வடகொரியாவில் இருக்கிறது. கொரியப் போருக்கு முன்னால் அது தெற்கின் பக்கம் இருந்தது. 1953 போர்நிறுத்தத்தில் வடக்கோடு போனது. ட்ரீ-இயர் குயவரின் ஜாடிகளை முதுகில் சுமந்துகொண்டு தன் கிராமத்திலிருந்து தலைநகருக்கு நடந்த பாதையில் இன்றைக்கு யாரும் நேராக நடக்க முடியாது, நடுவில் ராணுவ எல்லை குறுக்கே நிற்கிறது. பிள்ளைகளைப் பாதையை விரலால் தொடச் சொல்லி, எல்லைக்கோட்டில் நிறுத்தச் சொல்லுங்கள்.

டிராமா பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள், தங்களுக்கு எல்லாம் தெரியும் என்கிறார்களே?

நல்லதுதான். சரித்திர டிராமாக்களில் பெரும்பாலானவை ஜோசோன் காலத்தைக் காட்டுகின்றன. ஜோசோன் 1392-இல் தொடங்கியது. அதற்கு முன்னால் 918 முதல் கொர்யோ. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள், அதையே பாடமாக்குங்கள்.

12-ஆம் நூற்றாண்டு கிராமத்தை வரையச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் சிவப்புக் கிம்ச்சி வரைவார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொரியாவுக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பக்கத்தில்தான். ட்ரீ-இயர் சாப்பிட்ட கிம்ச்சியில் மிளகாய் இருந்திருக்காது. கடைப்பலகையில் ஹங்குல் எழுதுவார்கள். அந்த எழுத்து உருவானது 1443-இல். கொர்யோ காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சீன எழுத்தில் எழுதினார்கள்.

பெண்கள் நிலையும் அப்படியே. கொர்யோவில் மகளுக்கும் சொத்தில் பங்கு உண்டு, கைம்பெண் மறுமணம் செய்துகொள்வதும் நடந்தது. ஜோசோனில் கன்ஃபூசிய நெறி இறுகியபோது, குறிப்பாக 17-ஆம் நூற்றாண்டில், அந்த இடம் சுருங்கியது. அதே ஆசிரியரின் ‘சீசா கேர்ள்’ அந்த 17-ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய வீட்டின் உள்முற்றத்துக்குள் அடைபட்ட சிறுமியின் கதை. பலகையின் இரு முனையிலும் நின்று துள்ளும் ஆட்டத்தில் உயரே போகும் ஒரு கணம் மதிலுக்கு அப்பால் தெரியும். ‘எ சிங்கிள் ஷார்ட்’, ‘சீசா கேர்ள்’ இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ‘கொரியப் பண்பாடு’ என்று ஒரே பெட்டிக்குள் அடைக்க முடியாது என்பது விளங்கிவிடும்.

ஜப்பானிய ஆட்சிக் காலத்தை எந்த நாவலை வைத்துச் சொல்வது?

‘வென் மை நேம் வாஸ் கியோகோ’, 2002-இல் வந்தது. 1940 முதல் 1945 வரை சுன்-ஹீ, தே-யுல் என்ற தங்கையும் அண்ணனும் மாறி மாறிச் சொல்லும் கதை. 1940 பிப்ரவரி 11 முதல் ஆறு மாதத்துக்குள் கொரியர்கள் ஜப்பானியக் குடும்பப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணை வந்தது. சட்டப்படி விருப்பம்தான் என்றார்கள். பெயர் மாற்றாத பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் பெரியவர்களுக்கு அலுவலகத்திலும் வந்த நெருக்கடியில், சுமார் 80 சதவீதக் குடும்பங்கள் பதிவு செய்தன.

கதையில் அப்பா தேர்ந்தெடுக்கும் பெயர் கானேயாமா. கிம் என்பதன் பொருளான தங்கம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஆட்சிக்குப் பணிந்த மாதிரியும் ஆயிற்று, தங்கள் பெயரை விடாத மாதிரியும் ஆயிற்று. அம்மா கொரிய தேசிய மலரான முகுங்வா கன்று ஒன்றைத் தொட்டியில் வைத்து மறைக்கிறாள். மற்ற மரங்களை வெட்டி எரிக்கச் சொல்லிவிட்டார்கள். வெளிப்படையாக எதிர்க்க முடியாதவர்கள் எப்படி எதிர்த்தார்கள் என்பதை இந்த இரண்டு காட்சிகளும் காட்டுகின்றன.

கூடவே சோன் கீ-ஜுங்கின் புகைப்படத்தைக் காட்டுங்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக் மாரத்தானில் ஜப்பானியப் பெயரில், ஜப்பானியக் கொடியோடு ஓடித் தங்கம் வென்ற கொரியர். பரிசு மேடையில் தலையைக் குனிந்து நிற்கிறார். தோங்-ஆ இல்போ நாளிதழ் அவர் மார்பிலிருந்த கொடியை அழித்துவிட்டுப் படத்தை அச்சிட்டது, பத்திரிகையை நிறுத்திவைத்தார்கள்.

போர்க் கொடுமைகளை 12 வயதுப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

நாவல் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு சொல்லுங்கள். சூக் நியுல் சோய் எழுதிய ‘இயர் ஆஃப் இம்பாஸிபிள் குட்பைஸ்’ 1945-இல் பியோங்யாங்கில் தொடங்குகிறது. காலுறைத் தொழிலகத்தில் வேலை செய்யும் பெண்களைப் படைவீரர்களுக்காக ஏற்றிக்கொண்டு போகும் காட்சி அதில் உண்டு. நீங்கள் முன்கூட்டியே படித்து, என்ன சொல்வதென்று ஒரு வாக்கியம் தயாராக வைத்திருங்கள். ‘அவர்களுடைய விருப்பமில்லாமல் கொண்டுபோய் மிக மோசமாக நடத்தினார்கள்’ என்பது போதுமான, உண்மையான வாக்கியம். மழுப்பினால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். பெற்றோருக்கும் முதல் வாரமே தகவல் அனுப்பிவிடுங்கள்.

‘ஸோ ஃபார் ஃப்ரம் தி பாம்பூ குரோவ்’ பயன்படுத்தலாமா?

யோகோ கவாஷிமா வாட்கின்ஸ் 1986-இல் எழுதியது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் கொரியாவின் வடபகுதியிலிருந்து தப்பி ஓடும் ஜப்பானியச் சிறுமியின் கதை. 2006-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கொரிய-அமெரிக்கப் பெற்றோர் இதைப் பாடமாக வைப்பதை எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அந்தக் குடும்பம் கொரியாவில் ஏன் இருந்தது, அதற்கு முந்தைய 35 வருடம் என்ன நடந்தது என்று தெரியாமல் படிக்கும் பிள்ளைக்குக் கொரியர்கள் கொடுமைக்காரர்களாகவும் ஜப்பானியர்கள் பாவப்பட்டவர்களாகவும் மட்டும் பதிந்துவிடும். அந்தச் சிறுமி பட்ட துன்பமும் துன்பம்தான். என் கருத்து: தனியாக வேண்டாம்; எட்டாம் வகுப்பில், ‘கியோகோ’ படித்து முடித்த பிறகு வைக்கலாம்.

தமிழுக்கும் கொரியாவுக்கும் உறவு உண்டு என்கிறார்களே, அதையும் சொல்லலாமா?

சொல்லலாம், கதை என்று சொல்லிச் சொல்லுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் இல்யோன் என்ற துறவி தொகுத்த ‘சம்குக் யூசா’வில், கி.பி. 48-இல் அயுதா என்ற நாட்டிலிருந்து கடல் வழியே வந்த இளவரசி ஹியோ ஹ்வாங்-ஓக், கொரியாவின் பழைய அரசுகளில் ஒன்றான கயாவின் அரசர் சூரோவை மணந்ததாக வருகிறது. அயுதா என்பது அயோத்தி என்று பலரும், தமிழகக் கடற்கரை என்று சிலரும் சொல்கிறார்கள். நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் நடுவில் ஆயிரம் வருடத்துக்கு மேல். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் 1905-இல் ஒரு நூல் எழுதினார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. பெருமைக்காக இதை உண்மை என்று சொல்லிக்கொடுத்தால், ஆதாரம் பார்க்கச் சொல்லி நடத்திய பாடம் முழுக்க வீணாகிவிடும்.

வகுப்பில் கொரியப் பிள்ளை ஒருவர் இருந்தால்?

அந்தப் பிள்ளையைப் பார்த்து ‘உங்கள் வீட்டில் இப்படித்தானா?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம். தானாகச் சொல்ல வந்தால் இடம் கொடுங்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

‘கொரியப் பண்பாட்டின் ஐந்து கூறுகளை எழுதுக’ என்று கேட்காதீர்கள். பாத்திரம் தயங்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, எந்த விதி தடுத்தது, அதை மீறியிருந்தால் யாருக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கூடவே, அந்தக் காட்சியில் எது வரலாறு, எது ஆசிரியரின் கற்பனை என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் சமமான மதிப்பெண்.

ஒரு நாவல் முடிந்ததும் அடுத்து எது?

நேரம் இருந்தால் ஜூலி லீயின் ‘பிரதர்ஸ் கீப்பர்’, 2020-இல் வந்தது. 1950-இல் கொரியப் போர் தொடங்கியபோது வடகொரியக் கிராமத்துச் சிறுமி சோரா, தம்பியைக் கூட்டிக்கொண்டு புசான் நோக்கி நடக்கிறாள். ட்ரீ-இயருக்காக வரைந்த அதே வரைபடத்தில் அவளுடைய பாதையையும் வேறு நிறத்தில் வரையச் சொல்லுங்கள். அவன் வடக்கே போனான், இவள் தெற்கே வருகிறாள்.